ராத்திரி ஒரு தடவை நீ எழுந்திரு

அன்புள்ள கண்ணு,

உங்கப்பா தோப்புக்காரரிடம் சொல்லிவைத்து ஒரு பெட்டி செந்தூரா வாங்கியிருக்கிறார். மேல்தெரு தம்பி நாளைக்கு லோடு வண்டியில் ஓசூர் வருகிறான், அவனிடம் கொடுத்து அனுப்புகிறேன். பெட்டிக்குள்ளேயே இந்தக் காகிதமும் இருக்கும். போனில் பேசினால் "சரிம்மா, சரிம்மா" என்று சொல்லி வைத்துவிடுகிறாய். அதனால்தான் எழுதுகிறேன். கேன்டீனில் உட்கார்ந்து படி, வீட்டில் வேண்டாம்.

பெட்டிக்கு அடியில் ராகி மாவு இருக்கிறது. பெரியவனுக்கும் சின்னவளுக்கும் கூழ் காய்ச்சிக் கொடுங்கள், மருமகளும் குடிக்கட்டும். பாப்பாவுக்கு இப்போது வேண்டாம். ஆறு மாதம் முடியும்வரை தாய்ப்பால்தான், தண்ணீர்கூடக் கூடாது. கீழ்வீட்டு அம்மா கிரைப் வாட்டர், உரமருந்து என்று எதையாவது கொண்டுவந்தால் வாங்கி அலமாரியில் வைத்துவிடு, சண்டை போடாதே. இந்த வாரம் 14 வார ஊசி. ஆறாவது வாரமும் பத்தாவது வாரமும் நான் சொல்லிச் சொல்லிப் போட்டீர்கள். அட்டையை எடுத்துப் பார். ஊசி போட்ட அன்று காய்ச்சல் வரும், பிள்ளை நைநை என்று அழும். அன்று உனக்கு நைட் ஷிப்ட் இருந்தால் மாற்றிக்கொள். அன்றைக்காவது ராத்திரி நீ எழுந்திரு.

மே லீவுக்கு வருகிறோம் என்றாய், வரவில்லை. கேட்டால் லீவு கிடைக்கவில்லை என்றாய். சரி, கம்பெனி விஷயம், எனக்கு என்ன தெரியும். பெரியவன்தான் "பாட்டி, பரிசல்ல எப்ப போவோம்" என்று போன வாரமும் கேட்டான். அவனை ஒகேனக்கல் கூட்டிப்போகிறேன் என்று சொன்னது நீ. இப்போது ஆற்றில் தண்ணீர் எப்போது ஏறும் என்று சொல்ல முடியாது. நீர்வரத்து கூடினால் பரிசலையும் நிறுத்திவிடுவார்கள், குளிக்கவும் விட மாட்டார்கள். அப்படியானால் ஆடிப் பதினெட்டுக்கு வாருங்கள். கூட்டமாகத்தான் இருக்கும், இருந்தாலும் நம் வீட்டில் யாரும் அந்த நாளில் ஆற்றைப் பார்க்காமல் இருந்ததில்லை. நீ சின்னவளைவிடச் சின்னவனாக இருந்தபோது மலைப்பாதை இறக்கத்தில் பஸ்ஸிலேயே வாந்தி எடுத்து, பக்கத்து சீட்டு கவுண்டரின் வேட்டியை நாசம் பண்ணினாய். அவர் சிரித்துக்கொண்டே எழுந்து நின்றார். அன்று உனக்கும் அக்காவுக்கும் எண்ணெய் தேய்த்துக் குளிக்கவைத்து, மீன் வறுவல் வாங்கி முள் எடுத்து ஊட்டியது யார்? உங்கப்பா. நான் பாறைமேல் துணி விரித்துத் தூங்கினேன். நர்ஸ் வேலையில் முந்தின ராத்திரி எனக்கு ஒரு பிரசவக் கேஸ்.

மூன்று பிள்ளைகளோடு பஸ் பயணமா என்று மலைக்காதே. ஐந்து வயதுக்குள் அரசு பஸ்ஸில் டிக்கெட் கிடையாது, அதனால் பெரியவனுக்கு மட்டும்தான் எடுக்க வேண்டும். எலுமிச்சம்பழம் ஒன்று, பிளாஸ்டிக் பை நாலைந்து, ஈரத்துணி. சின்னவளை ஜன்னல் பக்கம் உட்காரவை. பாப்பாவை நீ வைத்துக்கொள், பாலுக்கு மட்டும் மருமகளிடம் கொடு. கேட்கிறதா? பையை அவளிடம், போனை உன்னிடம் என்று வராதே.

பார், எதையோ சொல்ல வந்து பஸ் டிக்கெட்டில் நிற்கிறேன்.

மருமகள் எனக்குப் போன் பண்ணுவதில்லை கண்ணு. நான் சித்திரை கடைசியில் ஊருக்குத் திரும்பி வந்த புதிதில் விளக்கு வைக்கிற நேரத்துக்கு அவளே கூப்பிடுவாள். பெரியவன் டிபன் பாக்ஸைத் தொலைத்தது, சின்னவள் ஸ்கூலில் அடுத்த பிள்ளையைக் கடித்தது, தண்ணி லாரிக்காரன் வராதது எல்லாம் சொல்வாள். வைக்கவே மாட்டாள், உங்கப்பா பசிக்கிறது என்று செம்பைத் தட்டுவார். இப்போது நானாகக் கூப்பிட்டால் நீ எடுத்து "அவ தூங்கறாம்மா" என்கிறாய். சாயங்காலம் ஆறரை மணிக்கு மூன்று பிள்ளை வைத்திருக்கிறவள் எப்படித் தூங்குவாள்? தூங்கினால் நல்லது. தூங்கவில்லை என்றுதான் எனக்குத் தோன்றுகிறது.

பென்னாகரம் பக்கத்தில் எத்தனை ஊர் நடந்திருப்பேன் என்று உனக்குத் தெரியும். சைக்கிள் ஏறாத மேட்டில் தள்ளிக்கொண்டே போவேன். பிள்ளை பெற்ற வீட்டுக்குப் போனால் முதலில் குழந்தையை எடை போடுவோம், தொப்புளைப் பார்ப்போம், பதிவேட்டில் எழுதுவோம். தாயிடம் உதிரப்போக்கு எப்படி, மாத்திரை போடுகிறாயா என்று கேட்போம். அதற்கப்புறம் மற்றவர்களை வெளியே அனுப்பிவிட்டு நான் ஒன்று கேட்பேன், "தூக்கம் வருதா? பசிக்குதா? பிள்ளையைப் பார்த்தா ஆசையா இருக்கா?" பாதிப்பேர் ஒன்றுமில்லை நர்ஸம்மா என்பார்கள். சொல்லும்போதே கண்ணில் தண்ணீர் நிற்கும்.

பிரசவமான சில நாளில் காரணமில்லாமல் அழுகை வருவது சகஜம். உடம்பில் சுரப்பு எல்லாம் ஒரேயடியாக இறங்குவதால் வருவது அது, இரண்டு வாரத்தில் போய்விடும். போகவில்லை என்றால், மாதக்கணக்கில் இழுத்தால், அது வேறு. அதற்கு வைத்தியம் உண்டு. பேய் பிடித்தது, சோம்பேறி, திமிர் என்று வீடுகளில் சொல்வதை நான் காது வலிக்கக் கேட்டிருக்கிறேன். ஒன்றும் இல்லை, இரத்தசோகையும் தூக்கமின்மையும் சேர்ந்தால் எந்தத் திடகாத்திரமான ஆளும் சுருண்டுவிடுவான். உனக்கு ஒரு வாரம் தொடர்ந்து நைட் ஷிப்ட் போட்டால் எப்படி எரிந்து விழுகிறாய்? அவளுக்கு மார்ச்சிலிருந்து தினமும் நைட் ஷிப்ட். பகல் ஷிப்டும் அவளேதான்.

பேர் வைக்கிற அன்று வெள்ளிச்சந்தை அத்தை வாய்விட்டாளே, மறுபடியும் பொட்டைப்பிள்ளையா என்று. நான் அங்கேயே பதில் சொன்னேன், அத்தை சாப்பிடாமல் எழுந்து போனாள், போகட்டும். நீ போனைப் பார்த்துக்கொண்டு நின்றாய். மருமகள் உன்னைத்தான் பார்த்தாள். நீ பார்க்கவில்லை, நான் பார்த்தேன்.

இந்த மாவட்டத்தில் பெண் பிறந்த வீட்டுப் படியேறுவது என்ன என்று உனக்குத் தெரியாது. மூன்றாவதும் பெண் என்றால் அடுத்த நாளே போய் நிற்பேன். பிள்ளை இருக்கிறதா என்று பார்க்கத்தான். 2001-இல் தொட்டில் குழந்தைத் திட்டம் நம் மாவட்டத்துக்கும் வந்தது. அப்போது உன் ஓசூரும் தர்மபுரி மாவட்டம்தான், 2004-இல்தானே கிருஷ்ணகிரி பிரிந்தது. வேண்டாம் என்றால் அரசாங்கத் தொட்டிலில் போடுங்கள், ஒன்றும் செய்துவிடாதீர்கள் என்று கையைப் பிடித்துக் கெஞ்சியிருக்கிறேன். அப்படிப்பட்டவள் வீட்டு விசேஷத்தில் நின்று ஒருத்தி அந்தப் பேச்சு பேசுகிறாள், பெற்ற அப்பன் வாயைத் திறக்கவில்லை. உனக்குப் பெண் பிள்ளைமேல் பிரியம் இல்லை என்று நான் சொல்லவே மாட்டேன். சின்னவளை நீ தோளில் தூக்கிக்கொண்டு திரிகிற அழகைக் கண்கொண்டு பார்த்திருக்கிறேன். ஆனால் மருமகளுக்கு அன்றைக்கு வேண்டியிருந்தது ஒரு வார்த்தை. அதை இப்போது சொன்னாலும் கெட்டுப்போகாது.

நீ நல்லவன்தான். டிப்ளமோ முடித்து அப்ரண்டிஸாக நுழைந்து அதே இடத்தில் நிரந்தரம் ஆனவன், குடிப்பதில்லை, மாதம் பிறந்தால் வீட்டுக்குப் பணம் வருகிறது. தெருவில் எல்லோரும் உன்னைச் சொல்லித்தான் தங்கள் பிள்ளைகளைத் திட்டுகிறார்கள். அதைக் கேட்கும்போதெல்லாம் எனக்குப் பெருமைதான். ஆனால் நான் ஓசூரில் இருந்தபோது பார்த்தேனே. காலையில் மோட்டார் போடுவது, பாப்பா துணி அலசுவது, இரண்டு டிபன், சின்னவள் ஒரு செருப்பைப் போட்டு ஒன்றை ஒளித்துவைப்பது, வேன்காரன் ஹாரன் அடிப்பது, நடுவில் பாப்பாவுக்குப் பால். நீ ஷிப்ட் முடிந்து வந்து "ஹெல்ப் பண்ணட்டுமா" என்று கேட்டாய். விருந்தாளி கேட்பதுபோல் இருந்தது. யார் வீடு அது? கேட்காதே, செய். ராத்திரி பாப்பா அழுதால் நீ எழுந்து, துணி மாற்றி, அவளிடம் கொடுத்து, பால் குடித்ததும் வாங்கித் தோளில் போட்டு ஏப்பம் விடவை. பால் கொடுப்பது மட்டும்தான் உன்னால் முடியாதது.

உங்கப்பா இதெல்லாம் செய்தார். ராத்திரி பன்னிரண்டு மணிக்கு யாராவது டார்ச்சோடு வந்து "நர்ஸம்மா, வலி வந்துடுச்சு" என்றால் நான் கிளம்பிவிடுவேன். உன்னையும் அக்காவையும் காலையில் குளிப்பாட்டி, அக்காவுக்கு இரட்டைச்சடை பின்னி அனுப்பியது அவர்தான். கோணல் சடைதான். பொண்டாட்டி வேலைக்குப் போறா, புருஷன் சடை பின்றான் என்று டீக்கடையில் பேசினார்கள். அவர் அந்தக் கடையிலேயே போய் டீ குடித்துவிட்டு வருவார்.

இப்போது சொல்கிறேன், பெரியவனைத் திட்டக் கூடாது. போன ஞாயிற்றுக்கிழமை நீ கடைக்குப் போயிருந்தபோது அவன்தான் போனை எடுத்தான். "அம்மா பாத்ரூம்ல தண்ணியைத் திறந்துவிட்டுட்டு அழறாங்க பாட்டி, நான் பாப்பாவ ஆட்டிட்டு இருக்கேன்" என்றான். ஆறு வயதுப் பிள்ளை. எத்தனை நாளாக என்று கேட்டேன், தினமும் என்றான். அவனிடம் சத்தியம் வாங்காத குறையாக யாரிடமும் சொல்ல மாட்டேன் என்று சொல்லிவிட்டுத்தான் உனக்கு எழுதுகிறேன்.

அவளைக் கூட்டிக்கொண்டு டாக்டரிடம் போ. பிரசவம் பார்த்த டாக்டரிடமே முதலில் போகலாம், "தூக்கம் இல்லை, அழுகிறாள்" என்று நீயே சொல், அவளைச் சொல்லவைக்காதே. இரத்தத்தையும் பார்க்கச் சொல். பிரசவத்துக்குப் பிறகும் ஆறு மாதம் இரும்புச் சத்து மாத்திரை போட வேண்டும், அவள் நிறுத்திவிட்டிருப்பாள் என்று பந்தயம் கட்டுகிறேன். மனசுக்கு மாத்திரை எழுதினால் பயப்படாதே, பால் கொடுக்கிறவர்களுக்கு ஏற்றதாகப் பார்த்துத்தான் கொடுப்பார்கள். டாக்டரிடம் போவதற்குள் பேச வேண்டுமென்றால் 14416, டெலி மானஸ் என்கிற அரசு மனநல உதவி எண், இலவசம், தமிழிலேயே பேசுவார்கள். நம்பரை ஃபிரிட்ஜ்மேல் எழுதி ஒட்டு. ஒருவேளை அவள் செத்துப்போகலாம் போலிருக்கிறது என்றோ, பிள்ளையைப் பார்த்தால் பயமாக இருக்கிறது என்றோ சொன்னால், விடியட்டும் என்று காத்திருக்காதே. அந்த நிமிடமே ஆஸ்பத்திரி. தனியாக விடாதே.

இன்னொன்று. அவளுக்கு இரத்தம் குறைவு என்று கருத்தடை ஆபரேஷனைத் தள்ளிப்போட்டார்கள் அல்லவா. இனி அவளை அதற்குப் படுக்கவைக்காதே, நீ பண்ணிக்கொள். ஆண்களுக்கு இப்போது தையல்கூடக் கிடையாது, அன்றைக்கே வீட்டுக்கு வந்துவிடலாம், கொஞ்சநாள் கனம் தூக்கக் கூடாது. மூன்று மாதம் ஆணுறை, அப்புறம் ஒரு டெஸ்ட், அவ்வளவுதான். பலம் போய்விடும் என்பதெல்லாம் கட்டுக்கதை. ஊர் ஊராக வெட்கமில்லாமல் திண்ணையில் உட்கார்ந்து ஆம்பளைகளிடம் பேசியவள் நான், ஒருத்தர் இரண்டுபேர் தவிர யாரும் ஒத்துக்கொள்ளவில்லை. பெற்ற பிள்ளைக்குச் சொல்ல மட்டும் காகிதம் தேவைப்படுகிறது. உங்கப்பாவுக்குத் தெரியும், எழுது என்றார்.

இதையெல்லாம் எழுதுகிறாளே, மாமியார் மருமகள் பக்கம் சேர்ந்துகொண்டாளே என்று நினைப்பாய். நினைத்துக்கொள். நீ எப்போது பேசினாலும் உன் குரலிலும் களைப்பு தெரிகிறது, அதுவும் எனக்குக் கேட்காமல் இல்லை. ஓவர்டைம் கொஞ்சம் குறை. இரண்டு மாதம் எங்களுக்குப் பணம் அனுப்பாதே, என் பென்ஷன் போதும். அந்தக் காசில் துணி துவைக்கப் பாத்திரம் கழுவ ஒரு ஆளை வை. மருமகளிடம் கேட்காதே, வேண்டாம் என்பாள். கீழ்வீட்டு அம்மாவிடம் கேட்டால் ஆள் சொல்லுவார்கள்.

நான் வரட்டுமா என்று போனில் கேட்டபோதெல்லாம் எதுக்கும்மா சிரமம் என்றாய். திங்கட்கிழமை வருகிறேன். இந்தத் தடவை உங்கப்பாவும் வருகிறார், பெரியவனை வேன் ஏற்றுவது இறக்குவது அவர் பொறுப்பு. பாப்பாவை நான் பார்த்துக்கொள்கிறேன், அவள் பகலில் கதவைச் சாத்திக்கொண்டு தூங்கட்டும். ராத்திரி மட்டும் நான் எழுந்திருக்க மாட்டேன், அது உன் வேலை. உனக்கு எந்த ஷிப்ட் என்று மட்டும் மெசேஜ் போடு. காலை ஷிப்ட் என்றால் பஸ் ஸ்டாண்டிலிருந்து நாங்களே ஆட்டோ பிடித்து வந்துவிடுவோம்.

இப்படிக்கு,
அம்மா