குரங்குகளைத் தலை எண்ணினால் போதாது

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

பினாங்கின் தண்ணீர்மலை, தாவரவியல் பூங்கா வட்டாரக் குரங்குகளைக் கண்ணில் பட்டவரை எண்ணி 'மொத்தம் இவ்வளவு' என்பது தவறு. ஒரே கூட்டம் காலையும் மாலையும் இரு இடங்களில் எண்ணப்படும். இலைமறைவில் இருப்பவை விடுபடும்.

அடையாளமிட்டு மறுபடி பிடிப்பதே மேல். 40 குரங்குகளுக்கு அடையாளமிட்டு விட்டு, அவை கலந்தபின் பிடித்த 50இல் 10 அடையாளமுள்ளவை, அதாவது ஐந்தில் ஒன்று என்றால், அந்த 40உம் மொத்தத்தில் ஐந்தில் ஒன்று எனக் கொள்ளலாம்: 40 × 50 ÷ 10 = 200 குரங்குகள். சிறு எண்ணிக்கையில் இது மிகையாகும். அதைக் குறைக்க மூன்று எண்களிலும் ஒன்றைக் கூட்டி, விடையில் ஒன்றைக் கழிக்கும் சாப்மன் திருத்தப்படி 41 × 51 ÷ 11 − 1, ஏறக்குறைய 189.

சிக்கல் பழம் வைத்துப் பிடிக்கும் கூண்டில்தான். ஒருமுறை மாட்டிய குரங்கு மறுபடி கிட்டே வராமல் போகலாம். அப்போது அடையாளமுள்ளவை குறைவாகக் கிடைத்து விடை ஊதிவிடும். அடையாளப் பட்டை கழன்று விழுந்தாலும் அப்படியே. பழத்தின் ருசி கண்டு திரும்பத் திரும்ப வந்தாலோ விடை சுருங்கும். ஆகவே இரண்டாம் சுற்றில் கூண்டைத் தவிர்த்து, கேமராவில் பட்டையைப் பார்த்து எண்ணுங்கள். ஆனால் குரங்குகளுக்குப் பழம் போடும் இடத்தில் கேமரா வைக்காதீர்கள்.

வாசகர்,
ஜார்ஜ்டவுன், பினாங்கு