கேரவன் வருவதற்கு முன் கழிவுக் குழி வரட்டும்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

சென்ற இதழில் கேரவன் சுற்றுலா பற்றி வந்த கட்டுரையைப் படித்தேன். படுக்கை, ஏசி, டிவி என்று வண்டிக்குள் இருப்பதையெல்லாம் அழகாக விவரித்திருந்தீர்கள். அந்த வண்டி இரவில் எங்கே நிற்கும், அதன் கழிவறைப் பெட்டியை எங்கே காலி செய்வது என்று ஒரு வரிகூட இல்லை. சேலத்திலிருந்து கடற்கரைக்குக் கேரவனில் போய்வந்தவள் என்பதால் இதை எழுதுகிறேன்.

என் அம்மாவுக்கு 81 வயது. ஏற்காட்டுக் காபி எஸ்டேட்டில் பழம் பறித்து எங்களை வளர்த்தவர். கடலைப் பார்த்ததே இல்லை. மார்கழிக் காலையில் லேடீஸ் சீட் என்ற மலைமுனையில் நின்றால் கீழே சேலம் மேகத்துக்குள் மூழ்கிக் கிடக்கும். "கடலும் இப்படித்தான் இருக்குமா?" என்று நான் சிறுமியாக இருந்த காலத்திலிருந்தே கேட்டுக்கொண்டிருந்தார். இப்போது இரண்டு முட்டியும் தேய்ந்துவிட்டன. முக்கால் மணிக்கு ஒருமுறை சிறுநீர் கழிக்க வேண்டும். நெடுஞ்சாலை ஓட்டல்களில் கழிவறைப் படி ஏற்றி இறக்க இரண்டு பேர் வேண்டும். இரண்டு வருடத்துக்கு முன் காரில் கிளம்பி ஆத்தூரிலேயே திரும்பிவிட்டோம். வழியில் புடவை நனைந்துவிட்டது என்று அம்மா வீடு வந்து சேரும்வரை அழுதார். அதற்குப் பிறகுதான் கேரவனை யோசித்தோம். பணக்காரர்களின் ஆடம்பரம் என்று பலர் நினைக்கும் அந்த வண்டி எங்களுக்குக் கூடவே வரும் கழிவறை. அதற்காகத்தான் அவ்வளவு வாடகை கொடுத்தோம்.

போன மாசியில், மாசி மகக் கூட்டம் கலைந்த பிறகு புறப்பட்டோம். ஏற்காட்டின் 20 கொண்டை ஊசி வளைவுகளில் அந்த நீள வண்டியை ஏற்ற மாட்டேன் என்று ஓட்டுநர் சொல்லிவிட்டார். சரியாகத்தான் சொன்னார். அம்மாவை மலைமேல் ஒண்டிக்கடைப் பகுதியிலிருந்து காரில் அடிவாரத்துக்கு இறக்கி, அங்கே கேரவனில் ஏற்றினோம். வாழப்பாடி, ஆத்தூர், கள்ளக்குறிச்சி, உளுந்தூர்பேட்டை, பண்ருட்டி என்று கிட்டத்தட்ட 200 கிலோமீட்டர். வண்டியை ஓரம் கட்டியபோதெல்லாம் அம்மா யாரையும் கூப்பிடாமல் கைப்பிடியைப் பற்றிக்கொண்டு தானே எழுந்து போய்வந்தார். பண்ருட்டி தாண்டியதும் பாட்டுப் பாடினார். நான் அதைக் கேட்டு எத்தனையோ வருடமாகிறது.

கடலூர் மாவட்டத்தில் ஒரு கடற்கரையில் சாயங்காலம் நிறுத்தினோம். ஊர் பெயர் வேண்டாம், யாரையும் குறை சொல்ல நான் எழுதவில்லை. வண்டிக் கதவோரம் நாற்காலி போட்டு அம்மாவை உட்கார வைத்தேன். ரொம்ப நேரம் பேசவே இல்லை. அப்புறம், "மேகம் மாதிரி இல்லடி, இது சத்தம் போடுதே" என்றார்.

இரவு 11 மணிக்குக் கதவைத் தட்டினார்கள். ரோந்து வந்த காவலர், இங்கே தங்கக் கூடாது, வண்டியை எடுங்கள் என்றார். கார் நிறுத்தக் கட்டணம் கட்டிய சீட்டைக் காட்டினேன். ஆள் தூங்கும் வண்டியை வாகனம் என்று எடுத்துக்கொள்வதா, தங்குமிடம் என்று எடுத்துக்கொள்வதா என்று அவருக்கும் குழப்பம். கிளம்பினோம். இரண்டு கிலோமீட்டர் தள்ளி ஒரு மீனவக் குப்பத்தில் பெரியவர் ஒருவர், "ஆயாவ வச்சிக்கிட்டு எங்கம்மா அலையுவீங்க? இங்கயே நிறுத்திக்கோங்க, வலை காயுற இடத்த மட்டும் விட்டுடுங்க" என்றார். பிறகு ஆமை முட்டைகளைத் தேடிப் பாதுகாக்க நடந்துவந்த இளைஞர்கள் எங்கள் வெளிவிளக்கை அணைக்கச் சொன்னார்கள். முட்டையிட வரும் பங்குனி ஆமை வெளிச்சத்தைக் கண்டால் திரும்பிப் போய்விடுமாம். குஞ்சுகளோ வெளிச்சம் இருக்கும் பக்கமே கடல் என்று நம்பிக் கடலை விட்டு ஊர்ப் பக்கம் நடக்குமாம். எனக்கு இது தெரியாது. வண்டியை வாடகைக்குத் தந்தவர்களும் சொல்லவில்லை.

மூன்றாம் நாள்தான் பெரிய சிக்கல். கேரவனில் நல்ல தண்ணீருக்கு ஒரு தொட்டி, குளித்த, கழுவிய தண்ணீருக்கு ஒன்று, கழிவறைக்குத் தனியாக ஒரு பெட்டி. எங்கள் வண்டியில் அந்தப் பெட்டி 20 லிட்டர்தான். நான்கு பேருக்கு இரண்டே நாளில் நிறைந்துவிட்டது. ஒரு விடுதியில் காசு தருகிறேன் என்று கெஞ்சினேன். நாற்றத்துக்காகப் பெட்டியில் ஊற்றும் மருந்து எங்கள் செப்டிக் டேங்கைக் கெடுத்துவிடும் என்று மறுத்துவிட்டார்கள். மருந்தைப் பொறுத்து அது உண்மைதான், கழிவைச் செரிக்கும் நுண்ணுயிர்கள் செத்துப்போகும். "ராத்திரி உப்பங்கழியில ஊத்திடலாம்மா, யாருக்குத் தெரியப் போகுது" என்றார் ஓட்டுநர். அதே கழியில்தான் அன்று காலை குப்பத்துப் பெண்கள் இடுப்பளவு தண்ணீரில் இறால் தடவிக்கொண்டிருந்தார்கள். எங்களுக்கு இடம் கொடுத்தவர்களின் வீட்டுப் பெண்கள். முடியவே முடியாது என்று சொல்லி, ஒரு நாள் முன்னதாகவே சேலம் திரும்பினோம். அம்மாவுக்கு இன்னும் ஒரு சாயங்காலம் கிடைத்திருக்கும்.

2019-ல் லாஸ் ஏஞ்சல்ஸில் தம்பி வீட்டுக்குப் போனபோது டாக்வைலர் கடற்கரையில் ஒரு கேரவன் முகாமில் தங்கியிருக்கிறேன். அழகான இடம் என்று சொல்ல மாட்டேன். தார் போட்ட தரை, தலைக்கு மேலே விமானங்கள். ஆனால் ஒவ்வொரு வண்டிக்கும் ஒரு குடிநீர்க் குழாய், ஒரு மின் இணைப்பு, கழிவுக் குழாயைச் சொருக ஒரு வாய். கரையில் தங்கிய வண்டிகளின் கழிவு மணலைத் தொடவே இல்லை. அந்த மாநிலத்தின் பூங்கா முகாம்களில் இரவு 10 முதல் காலை 6 வரை அமைதி நேரம், ஜெனரேட்டரைக் காலை 10 முதல் இரவு 8 வரைதான் ஓட்டலாம்.

இது நமக்கு எட்டாத காரியம் என்று எனக்குத் தோன்றவில்லை. செப்டிக் டேங்க் கழிவைக் கையாள 2014-லேயே தமிழக அரசு வழிகாட்டு நெறிமுறைகள் கொண்டுவந்தது. 2017-ல் மாநிலத்தில் முதலாவதாகச் செங்கல்பட்டு பக்கம் கருங்குழியில் கசடுக் கழிவு சுத்திகரிப்பு நிலையம் வந்தது, இப்போது பல ஊர்களில் இருக்கிறது. செப்டிக் டேங்க் லாரிகள் அங்கேதான் போய் இறக்குகின்றன. கேரவன் பெட்டிக்கும் அங்கே ஒரு வாய் வைத்துக் கட்டணம் வாங்கினால் போதும். மருந்து கலந்த கழிவை எப்படி எடுப்பது என்று அந்த நிலையங்களின் பொறியாளர்கள் முதலில் பார்த்துச் சொல்லட்டும். கேரளம் 2021-ல் கேரவன் கொள்கை அறிவித்து அடுத்த ஆண்டே வாகமண்ணில் கேரவன் பூங்கா திறந்தது. நம்மிடம் ஆயிரம் கிலோமீட்டர் கடற்கரை இருக்கிறது.

முகாம் அலையை ஒட்டி இருக்க வேண்டும் என்று யாரும் கேட்கவில்லை. 2019 கடற்கரை ஒழுங்குமுறை அறிவிக்கைப்படி மக்கள் நெருக்கம் குறைந்த கிராமக் கரைகளில் உயர் அலைக் கோட்டிலிருந்து, அதாவது கடல் ஏறிவரும் எல்லையிலிருந்து, 200 மீட்டருக்குக் கட்டடம் கூடாது. அதைத் தாண்டி, சவுக்குத் தோப்புக்குப் பின்னால் கெட்டித் தரையில் பத்து வண்டி நிற்கட்டும். மணலில் சக்கரம் புதையாது, விளக்கு ஆமைகளை எட்டாது, படகுக்கும் வலைக்கும் இடைஞ்சல் இருக்காது. எந்த இடம் என்பதை மீனவ ஊர்ப் பஞ்சாயத்தைக் கேட்டு முடிவு செய்ய வேண்டும், ஏனென்றால் அது அவர்கள் வேலை செய்யும் இடம். ஐப்பசி, கார்த்திகை புயல் மாதங்களில் மூடிவிடலாம். சக்கர நாற்காலி ஏறும் சரிவுப் பாதை ஒன்று கட்டாயம் வேண்டும்.

எங்கள் மலைக்கும் ஒரு வேண்டுகோள். கோடை விழா நேரத்தில் கார்களுக்கே ஏற்காட்டுச் சாலை போதவில்லை. கேரவன்களை மேலே விடாமல் அடிவாரத்தில், குரும்பப்பட்டி பக்கமாக நிறுத்தி, அங்கிருந்து பேருந்தில் அனுப்பலாம். அங்கேயும் முதலில் கழிவுக் குழிதான் வேண்டும், அலங்கார வளைவு பிறகு வரட்டும்.

உங்கள் நிருபர் ஒருவரைக் கடலோர நகராட்சிகளுக்கு அனுப்பி, எந்தெந்தச் சுத்திகரிப்பு நிலையத்தில் கேரவன் கழிவை வாங்கிக்கொள்வார்கள், என்ன கட்டணம் என்று விசாரித்து வெளியிடுங்கள். அடுத்த மாசிக்கு அம்மாவை மறுபடி கூட்டிப்போக வேண்டும். அந்தப் பட்டியல் கையில் இருந்தால்தான் கிளம்புவேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவர்,
ஏற்காடு, சேலம் மாவட்டம்.