கடை இல்லாமல் என்ன விலை? பாங்காக் சுற்றுலா நடத்துவோருக்கு ஒரு திறந்த மடல்

வணக்கம்.

பட்டாயாவில் இரண்டு இரவு, பாங்காக்கில் இரண்டு இரவு. தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் இதை ஒப்பிப்பீர்கள். கடந்த அரையாண்டு விடுமுறையில் நாங்கள் ஐந்து பேர் இந்தக் கணக்கில்தான் போய் வந்தோம்: நான், மனைவி, ஆறாம் வகுப்பு மகள், ஒன்றாம் வகுப்பு மகன், எழுபத்தொரு வயது அம்மா. எங்களை அழைத்துப் போன நிறுவனத்தின் பெயரைச் சொல்லப் போவதில்லை. பதிவு செய்வதற்கு முன் ஏழெட்டு இடங்களில் விசாரித்தேன். எல்லோரும் கொடுத்த தாளில் இருந்தது ஒரே பட்டியல்தான், எழுத்துப் பிழை உட்பட. அதனால் இது உங்கள் எல்லோருக்கும்.

ஓட்டல் நன்றாக இருந்தது. வேன் சொன்ன நேரத்துக்கு வந்தது. வழிகாட்டி அம்மாவைக் கைபிடித்து இறக்கிவிட்ட நல்ல மனிதர். நான் சொல்ல வந்தது மூன்றாம் நாள் காலையைப் பற்றி.

தாளில் அன்றைக்கு 'பாங்காக் நகர உலா' என்று போட்டிருந்தது. முதலில் சைனா டவுன் பக்கம் வாட் டிரைமிட், பொன் புத்தர் கோயில். அங்கே எங்களுக்குக் கிடைத்தது பதினைந்து நிமிடம். செருப்பைக் கழற்றி, படியேறி, அம்மா மூச்சு வாங்கி நிமிர்வதற்குள் 'போட்டோ, போட்டோ, வேன்!' ஐந்தரை டன் தங்கச் சிலை அது. அதைவிடப் பெரிது அதன் கதை. பல தலைமுறையாகச் சுதைப்பூச்சுக்குள் சாதாரணச் சிலையாக உட்கார்ந்திருந்தது. உள்ளே என்ன இருக்கிறது என்று யாருக்கும் தெரியாது. 1955இல் புதுக் கட்டடத்துக்கு மாற்றத் தூக்கியபோது நழுவி விழுந்து, பூச்சு உடைந்து, உள்ளே இருந்த பொன் தெரிந்தது. இதை வழிகாட்டி சொல்லவில்லை. அன்று இரவு ஓட்டல் அறையில் நான்தான் படித்துச் சொன்னேன். அதன்பிறகு என் மகன் கண்ணில் பட்ட சிலையை எல்லாம் நகத்தால் சுரண்டிப் பார்க்க ஆரம்பித்தான். விமான நிலையத்தில் கடலைக் கடையும் தேவர்களும் அசுரர்களுமாக ஒரு பெரிய சிற்பம் இருக்கிறதே, அதையும் விடவில்லை.

பதினைந்து நிமிடத்தில் அங்கிருந்து கிளம்பிய வேன் நேராகப் போய் நின்றது ஒரு ரத்தினக்கல் கடையில். அங்கே ஒரு மணி நாற்பது நிமிடம். நான் கடிகாரம் பார்த்தேன். முதலில் ஒரு படம் காட்டினார்கள், பிறகு கல் பட்டை தீட்டுவதைக் காட்டினார்கள், கடைசியில் ஒரு நீளமான அறை. ஆளுக்கொரு விற்பனையாளர் ஒட்டிக்கொண்டார். எங்களுக்கு வந்தவர் 'அண்ணா, அக்கா' என்று தமிழிலேயே பேசினார். கழிப்பறை எங்கே என்று கேட்டால் மோதிரப் பகுதி வழியாக அனுப்பினார். வெளியே போகிற வழியும் அதுவே. அம்மா ஒரு நாற்காலியைப் பிடித்துக்கொண்டு, "எதுவும் வாங்கலைனா விட மாட்டாங்களாடா?" என்று கேட்டார்.

அன்று மதியம் நடந்ததையும் கேளுங்கள். அரண்மனைக்குப் போகும் வழியில் ஒரு டுக்டுக் ஆட்டோக்காரர் எங்களை மறித்து, "அரண்மனை இன்று மூடல். வேறு கோயில் காட்டுகிறேன், இருபது பாட்" என்றார். வழிகாட்டி ஓடிவந்து விரட்டினார். அது பாங்காக்கின் பழைய ஏமாற்று, அந்த வண்டி கடைசியில் ரத்தினக்கல் கடையில்தான் போய் நிற்கும் என்று எச்சரித்தார். என் மகள் என்னைத் திரும்பிப் பார்த்தாள். "நாம காலைல போனோமேப்பா?" அந்த டுக்டுக்குக்கும் நம் வேனுக்கும் ஏசி ஒன்றுதான் வித்தியாசம் என்று பிள்ளையிடம் எப்படிச் சொல்வது?

உங்கள் தரப்பு எனக்குப் புரியாமல் இல்லை. விலை குறைவாக இருந்தால்தான் நாங்கள் வருகிறோம். பக்கத்து நிறுவனம் ஆயிரம் ரூபாய் குறைத்தால் அங்கே ஓடுகிறோம். அந்த ஆயிரத்தைக் கடைக்காரர் தரும் கமிஷனில் ஈடுகட்டுகிறீர்கள். இது உலகம் முழுக்க நடப்பதுதான். சீனப் பயணிகளைக் கிட்டத்தட்டச் சும்மாவே கூட்டிவந்து கடைகளில் கறந்த 'பூஜ்ய டாலர்' சுற்றுலாக்கள் மீது தாய்லாந்து அரசு 2016இல் நடவடிக்கை எடுத்தது. நம்முடையது அந்த அளவுக்குப் போகவில்லை. ஆனாலும் கடை தரும் கமிஷன் என் குடும்பத்தின் ஒன்றே முக்கால் மணி நேரத்துக்கான விலை. அதை விற்பதற்கு முன் என்னைக் கேட்டிருக்க வேண்டும். தாளில் கடை என்ற சொல்லே இல்லை.

அந்த நேரத்தில் என்ன பார்த்திருக்கலாம் என்பது ஐந்தாம் நாள் தெரிந்தது. விமானம் இரவில். பகல் முழுக்க 'ஓய்வு' என்று போட்டிருந்தீர்கள். ஓய்வெடுக்கவில்லை. ஓட்டலுக்குப் பக்கத்தில் மெட்ரோ பிடித்து, 2019இல் திறந்த சாம் யோட் நிலையத்தில் இறங்கி, அம்மாவின் வேகத்துக்கு ஆடி அசைந்து நடந்து ராட்சத ஊஞ்சலுக்குப் போனோம்.

சாலை நடுவே சிவப்பு வண்ணத்தில், ஏழு மாடி உயரத்துக்குத் தேக்குத் தூண்கள் நிற்கின்றன. பலகையும் இல்லை, கயிறும் இல்லை. பாங்காக்கைத் தலைநகராக்கிய முதலாம் ராமா 1784இல் நிறுவியது. 1920இல் இப்போதைய இடத்துக்கு மாற்றினார்கள். ஆட்கள் குழுவாக அதில் ஏறி, ஆடி ஆடி உயர்ந்து, கம்பத்தில் கட்டிய காசுப் பையைப் பல்லால் கவ்வுவார்களாம். விழுந்து செத்தவர்களும் உண்டு. ஆடுவது 1935இல் நின்றுவிட்டது.

ஊஞ்சல் நின்றாலும் அதன் சடங்கு நிற்கவில்லை. பக்கத்திலேயே தேவஸ்தானம் என்ற சிறு கோயில் வளாகம்: சிவன், பிள்ளையார், திருமால், மூன்று சன்னிதி. தாய்லாந்து அரசவைப் பிராமணர்கள் மார்கழி, தை வாக்கில் அங்கே நடத்தும் சடங்கின் பெயர் 'திரியம்பாவை'. ஆமாம், நம் திருவெம்பாவைதான். சிவன் பூமிக்கு இறங்கி வரும் நாட்கள் என்பது அவர்கள் நம்பிக்கை. ஓதுகிற பாட்டு தலைமுறை தலைமுறையாகத் தேய்ந்து, தமிழ் என்றே அடையாளம் தெரியாத அளவுக்கு உருமாறிவிட்டது.

மார்கழியில் ஊரை விட்டு வர மாட்டேன் என்று அடம் பிடித்தவர் என் அம்மா. ஓட்டல் அறையில் விடியற்காலை எழுந்து, பிள்ளைகள் தூக்கம் கெடாமல் குளியலறைக் கதவைச் சாத்திக்கொண்டு பாவைப் பாட்டு பாடியவர். அவரிடம் இதைச் சொன்னதும் முதலில் நம்பவில்லை. பிறகு ஒரு சந்தேகம் கேட்டார்: "திருவெம்பாவைக்கு எதுக்குடா ஊஞ்சல்? பொன்னூசல்னு ஊஞ்சல் பாட்டு தனியா இருக்கே?" எனக்குப் பதில் தெரியவில்லை. சன்னிதி பூட்டியிருந்தது. வெளியே நின்று திருவெம்பாவையின் இருபது பாடலையும் முணுமுணுப்பாகப் பாடி முடித்தார். கூட்டிப் பெருக்கிக்கொண்டிருந்த ஒரு பெண்மணி துடைப்பத்தைச் சுவரில் சாத்திவிட்டுக் கை கூப்பி நின்றார். யாரும் எங்களை வேனுக்குக் கூப்பிடவில்லை.

பிறகு ஒரு வண்டிக்கடையில் மாம்பழமும் தேங்காய்ப்பால் ஒட்டரிசியும். மீன் சாறு இல்லாத சாப்பாடு வேண்டுமென்றால் மஞ்சள் கொடியில் சிவப்பு எழுத்துப் போட்ட 'ஜே' கடையைத் தேடலாம் என்பதும் அன்றைக்குத்தான் தெரிந்தது. நான்கு இரவும் பனீர் பட்டர் மசாலா போட்ட நீங்கள் அதையும் சொல்லியிருக்கலாம்.

கடையை ஒழியுங்கள் என்று கேட்கவில்லை. வாங்க ஆசைப்படுகிறவர்கள் போகட்டும். எந்தக் கடை, எவ்வளவு நேரம் என்று தாளில் போடுங்கள். வேண்டாம் என்கிறவர்களுக்கு வேறு ஒரு விலை எழுதுங்கள். ஆளுக்கு எவ்வளவு கூடும் என்று எனக்கு உண்மையாகவே தெரிந்துகொள்ள வேண்டும்.

அடுத்த மார்கழிக்குச் சடங்கு நடக்கும் நாட்களில் போக வேண்டும் என்று அம்மா சொல்லிவிட்டார். ஐந்து பேர். கீழ்த்தளத்தில் ஒரு அறை. கடை இல்லாமல் என்ன விலை என்று எழுதுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் வேனில் கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்தவன்