திண்ணைக்கும் ஒரு பிளக் வையுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

செல்போன் வந்தபின் வீட்டில் யாரும் முகம் பார்த்துப் பேசுவதில்லை என்று உங்கள் பக்கத்தில் அடிக்கடி கடிதங்கள் வருகின்றன. நான் பாலக்காடு மாவட்டம் சித்தூர் தாலுகாவில் வயரிங் வேலை பார்ப்பவன். போனைத் திட்டுகிறவர்கள் ஒருமுறை சுவரையும் பார்க்கலாம். பிளக் எங்கே இருக்கிறதோ, மனுசன் அங்கேதான் உட்காருகிறான்.

முன்பெல்லாம் டிவிக்கு ஒன்று, கிரைண்டருக்கு ஒன்று, இஸ்திரிப் பெட்டிக்கு ஒன்று என்று முடிந்துவிடும். இப்போது பிளானை விரித்ததுமே கட்டில் தலைமாட்டில் இரண்டு பக்கமும் பாயிண்ட் கேட்கிறார்கள். மோடம் யார் அறைக்குப் பக்கத்தில் என்று அண்ணன் தம்பிக்குள் தகராறே நடக்கும். திண்ணைக்கு ஒரு பல்பு, அதோடு சரி.

2025 ஆகஸ்டில் கேரளத்தை முழு டிஜிட்டல் எழுத்தறிவு பெற்ற மாநிலமாக அறிவித்தார்கள். அதற்காகத் தன்னார்வலர்கள் வீடு வீடாகப் போய் வயசானவர்களுக்கும் போனைப் பழக்கினார்கள். நல்ல காரியம்தான். ஆனால் வேலந்தாவளம் பக்கம் ஒரு வீட்டில் பார்த்தேன். திண்ணையில் போவோர் வருவோரிடம் பேசிக்கொண்டிருந்த பாட்டி, சார்ஜ் குறைந்ததும் எழுந்து உள்ளே போய்விட்டார். சுவிட்ச் போர்டு நாலடி உயரத்தில், சார்ஜர் வயரோ குட்டை. திருப்பூரிலிருக்கும் பேரனோடு ஃபிரிட்ஜ் மேல் கையூன்றி நின்றபடியே வீடியோவில் பேசினார். பேசி முடித்ததும் என்னிடம், "கண்ணு, திண்ணையில எனக்கொரு பிளக் வெச்சுக் குடு" என்றார். மகனுக்கு இஷ்டமில்லை, சாரல் அடிக்குமாம். மூடி போட்ட பெட்டி இருக்கிறது, கரண்ட் கசிந்தால் தானாக அணைக்கிற இ.எல்.சி.பி. மெயினில் இருந்தால் பயமும் வேண்டாம் என்று சொல்லிப் பார்த்தேன்.

எங்கள் பக்கத்து வாசகசாலையிலும் இதே கதை. நடு மேசையைச் சுற்றி உட்கார்ந்து பேப்பரைத் தாள் தாளாகப் பிரித்துப் படித்தவர்கள் இருந்த இடம். இன்று நாற்காலியெல்லாம் பிளக் இருக்கும் சுவரோரம் ஒதுங்கிவிட்டது. மேசையில் தூசி. ஆனால் பென்ஷன் மஸ்டரிங் (உயிரோடு இருப்பதைப் பதிவு செய்வது), ரேஷன் கார்டு என்று பெரியவர்கள் எதையாவது கேட்டு வந்தால், அதே பையன்கள்தான் போனை நீட்டி விவரம் பார்த்துச் சொல்கிறார்கள். பேச ஆளில்லாமல் இல்லை.

வாசகசாலை கட்டுகிற, புதுப்பிக்கிற கமிட்டிக்காரர்களுக்கு என் வேண்டுகோள் இதுதான்: மேசைக்கு நடுவில் நாலு பாயிண்ட் கொடுங்கள். தரையில் டைல்ஸ் ஒட்டுவதற்கு முன்பே சொல்லிவிட்டால் பைப் போடச் செலவு ரொம்பக் குறைவு. ஒட்டிய பிறகு கூப்பிட்டால் வெட்டுக்கூலி தனி.

இப்படிக்கு,
ஒரு வயர்மேன்,
கொழிஞ்சாம்பாறை, பாலக்காடு மாவட்டம்.