காய்ச்சலும் பாய்ச்சலும் பார்த்து வா

டொயோகா,
ஜூன் 9

அன்புள்ள சேகர்,

உன் கடிதம் கிடைத்தது. பறவைப் படம் எடுக்க ஜூலை முதல் வாரம் வந்து ஆகஸ்ட் பாதி வரை இருக்கப்போகிறாய் என்பதில் ரொம்ப மகிழ்ச்சி. "அந்த மாசத்துல ஜப்பான்ல பறவையே இருக்காதாமே" என்று யாரோ உன்னைக் கிளப்பிவிட்டிருக்கிறார்கள். இங்கே பறவை பார்ப்பவர்களும் அப்படித்தான் சொல்வார்கள். அதற்கென்றே 'தொரிகாரே' என்று ஒரு சொல் வைத்திருக்கிறார்கள். பறவைப் பஞ்சம் என்று வைத்துக்கொள்ளேன். பாதி உண்மைதான். குளிர்கால வாத்துகளும் அன்னங்களும் எப்போதோ வடக்கே போய்விட்டன. மலைக்காட்டில் ஜூலை பாதிக்குமேல் கூடு வேலை முடிந்து பாட்டு ஓய்ந்துவிடும். இருக்கிற பறவையும் இறகு உதிர்த்துக்கொண்டு இலைக்குள் பதுங்கிக் கிடக்கும்.

ஆனால் வயல்வெளியில் பறவை குறைவதில்லை. நெல் வளர்ந்து மறைத்துவிடுகிறது, அவ்வளவுதான். இப்போது பயிர் முழங்காலுக்குக் கீழே இருப்பதால் கொக்கின் முழு உடம்பும் தெரிகிறது. ஜூலை நடுவில் பயிர் இடுப்பை எட்டும்போது அதே கொக்கின் தலை மட்டும்தான் மேலே நிற்கும். அதனால் பறவைப் புத்தகத்தைவிட வயலின் தண்ணீர்க் கணக்கு உனக்கு அதிகம் உதவும். நீ வயல்காட்டில் வளர்ந்தவன், காய்ச்சலும் பாய்ச்சலும் என்றால் என்னவென்று உனக்கு விளக்க வேண்டாம். இங்கே அதற்கு 'நகபோஷி' என்று பெயர். நட்ட பயிர் போதுமான தூர் (பக்கத் தண்டு) கட்டியதும், மேற்கொண்டு வீண்தூர் வெடிக்காமல் இருக்க, ஒரு வாரம் பத்து நாள் மடையை அடைத்து வடிகாலைத் திறந்துவிடுவார்கள். மண்ணில் மெல்லிய வெடிப்பு விழும்வரை காயவிட்டு, அப்புறம் விட்டுவிட்டுப் பாய்ச்சுவார்கள்.

வழக்கமாக இது ஜூன் நடுவில் நடக்கும். டொயோகாவில் நாரைக்காகப் பயிர் செய்கிற வயல்களில் மட்டும் ஜூலைத் தொடக்கம்வரை தள்ளிப்போடுகிறார்கள். காரணம் தலைப்பிரட்டை. ஜூன் நடுவில் தண்ணீரை வடித்தால் கால் முளைக்காத தலைப்பிரட்டைகள் சேற்றிலேயே செத்துப்போகும். மூன்று வாரம் பொறுத்தால் தவளையாகி வரப்பேறிவிடும். தவளை இருந்தால் நாரை இருக்கும். பூச்சியைத் தின்ன ஆளும் ஆயிற்று.

அந்த நாரைக்கு இங்கே 'கோனோதொரி' என்று பெயர். நம் செங்கால் நாரையின் நெருங்கிய உறவு. கால் சிவப்புதான், அலகு மட்டும் கறுப்பு. குரல் கிடையாது, அலகைத் தட்டிக் கடகடவென்று சத்தம் போடும். பூச்சிமருந்து, மரம் வெட்டியது, வயலைச் சீர்திருத்துகிறேன் என்று வாய்க்காலை ஆழமாக வெட்டிச் சிமெண்டு பூசியது எல்லாம் சேர்ந்து, 1971-இல் ஜப்பானின் கடைசிக் காட்டு நாரை இதே டொயோகாவில் செத்தது. 1985-இல் சோவியத் ரஷ்யாவின் கபரோவ்ஸ்கிலிருந்து ஆறு குஞ்சுகள் வந்தன. 1989-இல் கூண்டில் முதல் குஞ்சு பொரித்தது. 2005 செப்டம்பரில் ஐந்து பறவைகளை வெளியே விட்டார்கள். 2007-இல் வெட்டவெளிக் கூட்டிலிருந்து ஒரு குஞ்சு பறந்தது. நீ வரும்போது இளசுகள் கூட்டைவிட்டு இறங்கி, பெற்றோர் பின்னாலேயே வயலில் நடந்து பழகிக்கொண்டிருக்கும்.

முதல் வாரத்தில் நீ செய்ய வேண்டியது இதுதான். காலையில் வயல்களைச் சுற்றி, எந்த வடிகாலில் தண்ணீர் கலங்கலாக ஓடுகிறது என்று பார். கலங்கல் என்றால் மேலே எவரோ அன்றுதான் திறந்திருக்கிறார் என்று பொருள். வயலில் இருக்கிற 'தோஜோ' மீன், நம் அயிரை இனம், தண்ணீரோடு வடிகால் வாய்க்கு வந்து சேரும். அந்த ஒரு சதுர மீட்டரில் ஐந்தாறு கொக்குகளும் ஒரு சாம்பல் நாரையும் சண்டை போடும். இரண்டு நாளில் கதை முடிந்துவிடும். நிலம் வெடித்த பிறகு அங்கே காத்திருப்பது வீண்.

கொக்குகளைப் பிரித்தறிவதில் ஒரு குழப்பம் வரும். பெரிய கொக்கும் இடைக்கொக்கும் இனப்பெருக்கக் காலத்தில் கறுப்பு அலகோடு இருந்து, ஆகஸ்டில் அடியிலிருந்து மஞ்சளாக மாறத் தொடங்கும். அலகு நிறத்தை நம்பாதே. வாய்ப்பிளவின் கோடு கண்ணைத் தாண்டிப் பின்னால் போனால் பெரிய கொக்கு, கண்ணுக்குக் கீழேயே நின்றால் இடைக்கொக்கு. சின்னக்கொக்குக்குக் கறுப்புக்கால், மஞ்சள் விரல். சேற்றில் நிற்கும்போது விரல் தெரியாது, அது காலைத் தூக்கும்வரை பொறு. உண்ணிக்கொக்கு தண்ணீரைவிட ஆளுக்குத்தான் கிட்டே வரும். வரப்பில் புல் வெட்டும் எந்திரத்தின் சத்தம் கேட்டால் அங்கே போ. வெட்டுக்கிளியும் தவளையும் துள்ள, ஆரஞ்சுத் தலையோடு நாலைந்து பின்னாலேயே நடக்கும், மேலே கரும்பருந்து வட்டமிடும்.

வெளிச்சத்துக்கு வருவோம். கரும்பச்சை வயலில் சின்னதாக ஒரு வெள்ளைப் பறவை நின்றால், கேமரா பச்சையைப் பார்த்து அளந்துவிட்டுப் பறவையை வெளுத்துவிடும். இறகின் வரி போனால் போனதுதான், கணினியில் திரும்ப வராது. தானியங்கி அளவில் எடுத்தால் வெளிச்ச ஈட்டை (எக்ஸ்போஷர் காம்பன்சேஷன்) −1-இல் வை. நான் சொல்வதைக் கேட்டால் கைமுறைக்கே போய்விடு: முழு வெயிலில் ஐஎஸ்ஓ 400, எஃப்/8, 1/3200. இது வெள்ளைக்காகவே ஒரு படி, அதாவது வெளிச்சத்தைப் பாதியாக, குறைத்தது. அதே பறவை எழும்பி மழைக்கால வெள்ளை வானத்துக்கு முன்னால் போனாலும் கைமுறையில் அளவு ஏமாறாது. தானியங்கியில் இருந்தால் அந்த நொடியில் +1-க்கு மேல் திருப்பியாக வேண்டும், கை ஓடாது. நாரை நிதானமாகச் சிறகடிக்கும், அதற்கு 1/1250 போதும்.

உன் 150–600 மி.மீ. லென்ஸைப் பற்றி இன்னும் நீளமாக எழுதியிருந்தாய். 800 தேவையா என்று கேட்கிறாய். வேண்டாம். கோடையில் இங்கே படத்தைக் கெடுப்பது தூரத்தைவிடக் கானல்தான். வெயில் ஏறிய பிறகு, எட்டு எட்டரைக்குமேல், தார்ச்சாலைக்கோ ஆற்றங்கரைச் சிமெண்டுச் சரிவுக்கோ மேலாக எடுத்தால் ஒரு படமும் கூர்மையாக வராது. பெரிய லென்ஸ் அந்த அலையையும் சேர்த்துப் பெரிதாக்கும். நீர் நிற்கிற வயலுக்கு மேல் கானல் குறைவு, காய்ந்த வயலுக்கு மேல் அதிகம். காருக்குள்ளிருந்து எடுத்தால் இன்னொரு வம்பு: ஏசியின் குளிர்காற்று ஜன்னல் வழியே வெளியேறி, லென்ஸுக்கு முன்னாலேயே சூடான காற்றோடு கலந்து நெளியும். ஏசியை அணைத்து, இருபக்க ஜன்னலையும் இறக்கிப் பத்து நிமிடம் கழித்து எடு. எஞ்சின் மூடிக்கு மேலாக எடுக்கவே கூடாது. எல்லாம் செய்தும் படம் நெளிந்தால், ஒரே காட்சியை இருபது முப்பது படம் தொடர்ந்து எடு, ஒன்றிரண்டு தேறும்.

பொழுது விடிவது இங்கே ரொம்ப சீக்கிரம். ஜூலைத் தொடக்கத்தில் நாலே முக்கால், நாலு ஐம்பதுக்குச் சூரியன் வந்துவிடும். நாலரைக்கு இடத்தில் இருந்தால் நல்ல வெளிச்சம் மூன்று மணி நேரம் கிடைக்கும். ஏழரைக்கு மூட்டை கட்டிவிடு. பகலில் வெளியே திரிந்து வெப்ப மயக்கம் வந்து விழுவதில் யாருக்கும் புண்ணியமில்லை.

நாரையிடம் குறைந்தது 150 மீட்டர் தள்ளியே இரு, அதுவும் காரைவிட்டு இறங்காமல். கணக்குப் போட்டுப் பார்: ஒன்றேகால் மீட்டர்கூட வராத பறவை, 150 மீட்டர், 600 மி.மீ. முழுச்சட்ட உணரியில் (ஃபுல் ஃப்ரேம் சென்சார்) அது சட்டத்தின் உயரத்தில் ஐந்தில் ஒரு பங்குதான் வரும். உனக்கு ஏமாற்றமாக இருக்கும், தெரியும். ஆனால் பறவையைச் சிறிதாகவே எடு, சேகர். 1960-இல் இசுஷி ஆற்றில் எடுத்த ஒரு படம் இந்த ஊரில் எல்லாருக்கும் தெரியும்: ஆழமில்லாத தண்ணீரில் ஒரு விவசாயப் பெண், அவள் மாடுகள், சுற்றி நாரைகள். கண்ணின் பளபளப்பு தெரியும் ஆயிரம் நெருக்கப் படங்கள் அந்த ஒரு படத்துக்கு உறைபோடக் காணாது. வரப்பு வளைவையும், பின்னால் மலையில் ஏறும் மழைப்புகையையும் சேர்த்துக்கொள். 200 மி.மீ.-இலேயே நல்ல படம் கிடைக்கும்.

வண்டி எடுத்தால் மஞ்சள் எண் பலகை போட்ட 'கேய்' என்கிற குட்டிக் காராக எடு. அகலம் 1.48 மீட்டருக்குள் இருக்கும். வயல்பாதையில் விவசாயியின் குட்டி லாரி ஒதுங்கிப்போக இடம் விட்டு நிறுத்து. வரப்பில் கால் வைக்காதே. வரப்பு கசிந்தால் தண்ணீர்க் கணக்கே போச்சு, அந்த ஊரில் அடுத்த படக்காரனுக்கும் மரியாதை போச்சு. பன்றிக்கும் மானுக்கும் போட்ட மின்வேலி எல்லா மலையடி வயலிலும் உண்டு. உலோக முக்காலியை அதன் பக்கம் சாய்க்காதே. ஆகஸ்டில் கதிர் வெளிவந்ததும் நாவாய்ப்பூச்சிக்கு விடியற்காலையிலேயே ட்ரோனில் மருந்தடிப்பார்கள். அன்றைக்கு அந்தப் பக்கம் போகாதே.

ஈரம் நம் கடலோரம் மாதிரிதான், அதைவிட மோசம் என்றும் சொல்லலாம். இரவு ஏசி அறையில் வைத்த கேமராவை அப்படியே வெளியே எடுத்தால் முன்கண்ணாடி மட்டுமில்லை, உள்ளேயும் பனி படரும். லென்ஸை மாற்றிவிட்டால் உணரியிலும். இரவே கேமராவைப் பையோடு ஏசி படாத முன்கட்டில், செருப்பு விடும் இடத்தில் வைத்துவிடு. மறந்துவிட்டால், ஜிப் போட்ட பையைத் திறக்காமல் முக்கால் மணி நேரம் வெளியே வை. பூஞ்சைக்குப் பயந்து எந்நேரமும் ஏசியில் வைப்பதைவிட, மூடிய டப்பாவில் சிலிக்கா ஜெல் போட்டு வைப்பது மேல்.

ஜூலை நடுவில் நாலு நாள் ஒகாயாமாவின் கிபிச்சூவோ பக்கம் போய்வா. அங்கே 'புப்போஸோ' கூடு வைக்கிறது. நம் பனங்காடையின் உறவு, அலகும் காலும் செக்கச்செவேல், உடம்பு நீலப்பச்சை, பறக்கும்போது சிறகில் வெள்ளை வட்டம். கம்பத்தில் மாட்டிய கூட்டுப்பெட்டியில் குஞ்சு பொரிக்கும். பெரிய வண்டு, தட்டான், சில்வண்டு எல்லாம் பறக்கும்போதே பிடித்து வரும். சில நேரம் பழைய குளிர்பான டப்பாவின் இழுவளையம், பீங்கான் துண்டு, நத்தை ஓடு இவற்றையும் குஞ்சுக்கு ஊட்டும். வண்டின் ஓட்டை அரைவைப்பையில் நொறுக்க அது உதவும் என்கிறார்கள். அலகில் ஏதோ மின்னினால் உடனே எடுத்துவிடு. பெட்டிக்கு வரும் வழி ஒன்றேதான். பெட்டியைக் குறிவைக்காமல் அதற்கு மூன்று மீட்டர் முன்னால் குவியம் வைத்து 1/2500-இல் காத்திரு. மின்னணு ஷட்டரில் சிறகு வளைந்து தெரியலாம், இயந்திர ஷட்டருக்கு மாற்றிக்கொள். பெயரில் ஒரு வேடிக்கை உண்டு: இரவில் 'புப்போஸோ' என்று கத்துவது இந்தப் பறவை என்று நினைத்துத்தான் பெயர் வைத்தார்கள். 1935-இல் ஹோராய்ஜி மலையிலிருந்து வானொலியில் அந்தக் குரலை நேரடியாக ஒலிபரப்பியபோதுதான் கத்தியது ஒரு குட்டி ஆந்தை என்று தெளிவானது. பெயர் மட்டும் மாறவில்லை.

கோயில் மரப்பொந்தில் குஞ்சு வைக்கும் 'அவோபாஸுக்கு' ஆந்தையைப் பற்றி நீ கேட்டதற்கு ஒரே பதில்: கூட்டம் இருந்தால் திரும்பி வந்துவிடு, ஃப்ளாஷ் கூடவே கூடாது. மரத்தடியில் வண்டுச் சிறகும் அந்துப்பூச்சி இறக்கையும் சிதறிக் கிடப்பதைப் படம் எடு. உடம்பைத் தின்றுவிட்டு அதைத்தான் உதறிவிடும்.

ஆகஸ்டுக்கு ஒரு மாலை நாராவின் ஹேய்ஜோ அரண்மனைத் திடலில் வைத்துக்கொள். அங்குள்ள நாணலில் தகைவிலான்கள் பல்லாயிரமாக வந்து அடையும், மாதத் தொடக்கத்தில் உச்சம். சூரியன் விழுந்து கால் மணி வரை ஒன்றுமே இருக்காது. ஆட்கள் கலைய ஆரம்பிக்கும்போதுதான் வானம் நிறையும். நீள லென்ஸை உள்ளே வைத்துவிட்டு 24 மி.மீ. போடு. ஐஎஸ்ஓ 6400-க்குப் போகத் தயங்காதே. 1/30-இல் கீற்றுகளாக வரும், அதுதான் அழகு.

அதே வாரங்களில் தரிசாக விட்டுத் தண்ணீர் கட்டிய வயலில் பொறி உள்ளான்கள் தெற்கே போகிற வழியில் இறங்கத் தொடங்கும். நம்மூர்க் குளத்தில் டிசம்பரில் பார்க்கும் அதே இனம்தான், இங்கே இன்னும் கோடை இறகோடு இருக்கும்.

முக்காலி கனமானது வேண்டாம். ஜன்னலில் வைக்கும் பையைத் தைத்துக் காலியாகக் கொண்டு வா. அரிசி போட்டால் இந்த ஈரத்தில் பத்தே நாளில் புழுங்கிவிடும். இங்கே தலையணைக்குப் போடும் கருநிற உமி, 'சோபா' என்கிற தானியத்தின் உமி, கடையில் கிடைக்கிறது, அதை முக்கால் பங்கு நிரப்பிக்கொள்ளலாம். முழுக்க நிரப்பினால் லென்ஸ் உருளும். முழுக்கைச் சட்டை இரண்டு, வெளிர் நிறத்தில்; கறுப்பு உடுத்தினால் ஆகஸ்டில் பெருங்குளவி தேடிவரும். உன் லென்ஸும் கறுப்புத்தானே, பழைய வேட்டித் துணி கொஞ்சம் கிழித்துக் கொண்டு வா, சுற்றிக் கட்டிக்கொள்ளலாம்.

அன்புடன்,
ராமநாதன்