சனசமூக நிலையம், கல்லடி, மட்டக்களப்பு: 2024ஆம் ஆண்டுக்கான செயலாளர் அறிக்கை

தலைவர் அவர்களே, நிர்வாக சபையினரே, வந்திருக்கும் அங்கத்தவர்களே,

'வந்திருக்கும்' என்று எழுதக் காரணம் உண்டு. இந்தப் பொதுக்கூட்டம் போதிய அங்கத்தவர் வராததால், கோரம் இல்லாமல் இரண்டு தடவை தள்ளிப்போனது. பிளேன்டீயோடு சோர்ட்டீஸும் உண்டு என்று மூன்றாம் அறிவித்தலில் சேர்த்த பிறகுதான் இத்தனை முகங்களைக் காணக் கிடைத்திருக்கிறது.

தைப்பொங்கல் வழமைபோல் நடந்தது. சித்திரை விளையாட்டு விழாவில் கயிறிழுத்தலும் தலையணைச் சமரும் நடந்தன. கிரீஸ் வாங்கப் போனவர் திரும்பி வராததால் வழுக்குமரம் நடக்கவில்லை. ஜூலை 19, விபுலாநந்த அடிகளின் நினைவு நாளில் பேச்சுப்போட்டி வைத்தோம். வாணி விழா சிறப்பாக நடந்தது. சிரமதானம் இரண்டு. இரண்டாவதற்கு வந்தவர்கள் நான்கு பேர், அதில் ஒருவர் செயலாளர்.

இனி, கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டிய விடயம். மாசி மாத நிர்வாகக் கூட்டத்தில் ஏகமனதாக ஒரு தீர்மானம் எடுத்தோம்: விடுமுறை நாட்களில் நிலையத்துப் பிள்ளைகளுக்குப் 'பெட்டி தேடல்' நடத்துவது. ஏகமனதாக என்பதை அழுத்திச் சொல்கிறேன். 'இது யார் கொண்டுவந்த கூத்து?' என்று பிற்பாடு கேட்டவர்களும் அன்று கை உயர்த்தியவர்கள்தான். கூட்டக் குறிப்பில் பெயர்கள் இருக்கின்றன.

வெளிநாடுகளில் இதை ஜியோகேஷிங் என்பார்கள். ஒருவர் ஒரு பெட்டியை எங்காவது மறைத்துவிட்டு, அந்த இடத்தின் அகலாங்கையும் நெட்டாங்கையும் மட்டும் சொல்லுவார். மற்றவர்கள் ஜி.பி.எஸ். பார்த்துத் தேடிப் பிடித்து, உள்ளே இருக்கும் கொப்பியில் பெயர் எழுதிவிட்டு, பெட்டியை இருந்தபடியே வைத்துவிட வேண்டும். உள்ளே இருந்து ஒரு சாமானை எடுத்தால் ஈடாக இன்னொன்றை வைக்க வேண்டும். 2000 மே மாத ஆரம்பம் வரை பொதுமக்களுக்கான ஜி.பி.எஸ். சமிக்ஞையை அமெரிக்கா வேண்டுமென்றே குழப்பி வைத்திருந்தது. நூறு மீற்றர் வரை பிசகும். அதை நிறுத்திய கையோடு, மே 3ஆம் திகதி டேவ் உல்மர் என்பவர் ஒரேகன் மாநிலத்தில் ஒரு வாளியை மறைத்து வைத்து ஆள்கூறுகளை வெளியிட்டார். அப்படித் தொடங்கியதுதான் இந்த விளையாட்டு. அந்த வாளிக்குள் ரின்னில் அடைத்த பீன்ஸும் இருந்ததாம். தின்பண்டம் வைக்கக்கூடாது என்ற விதி பிறகு வந்தது. அதன் அருமை எங்களுக்கு முதல் நாளே விளங்கிவிட்டது. யாரோ ஒரு பிள்ளை ஆசையாக வைத்த இரண்டு டொபியால் முதலாம் பெட்டியைத் திறந்தபோது கொப்பியே தெரியவில்லை, எல்லாம் எறும்பு.

பிள்ளைகள் என்ன படித்தார்கள் என்று கேட்பவர்களுக்கு இரண்டொரு சங்கதி சொல்கிறேன். நமது ஊர் வடக்கே 7 பாகை, கிழக்கே 81 பாகை. தரம் ஏழு படிக்கும் ஒரு பையன் இரண்டையும் மாற்றிப் போட்டுவிட்டான். பெட்டி எட்டாயிரத்துச் சொச்சம் கிலோமீற்றர் தூரத்தில் இருப்பதாகப் போன் காட்டியது. பெரிதாக்கிப் பார்த்தால் நோர்வேக்கும் வடக்கே, பனிக்கடல். அன்று சிரித்த பிள்ளைகளில் ஒருவர்கூட அதற்குப் பிறகு அகலாங்கையும் நெட்டாங்கையும் மாற்றி எழுதவில்லை. தசம தானமும் அப்படித்தான். நாலாம் தானத்தில் ஒன்று கூடினால் பதினொரு மீற்றர், ஐந்தாம் தானத்தில் ஒரு மீற்றர் என்று கரும்பலகையில் எழுதினால் கொட்டாவி விடுவார்கள். நாலாம் தானத்தைப் பிழையாக எழுதி அடுத்த வளவு நாயிடம் ஓட்டம் எடுத்தவனுக்கு அது மறக்குமா?

மூன்றாம் பெட்டிக்கு நேரடியாக ஆள்கூறு கொடுக்கவில்லை. கல்லடிப் பழைய பாலம் கட்டி முடிந்த ஆண்டிலிருந்து போர்த்துக்கேயர் மட்டக்களப்புக் கோட்டை கட்டிய ஆண்டைக் கழித்து, வருவதை ஆள்கூறின் கடைசி மூன்று இலக்கமாகப் போடச் சொன்னேன். 1924இலிருந்து 1628 போனால் 296. இதற்காகப் பிள்ளைகள் வீட்டிலுள்ள பெரியவர்களைக் கேட்டிருக்கிறார்கள். கோட்டை ஒல்லாந்தருடையது அல்லவா என்று இரண்டு அப்பாமார் என்னிடமே வாதாட வந்தார்கள். ஒல்லாந்தர் 1638இல் பிடித்தார்கள்; கட்டியவர்கள் போர்த்துக்கேயர். அந்த அப்பாமார் இருவரும் சந்தா நிலுவைப் பட்டியலிலும் இருக்கிறார்கள். சரி, அது வேறு விடயம்.

ஒரு காட்சி மட்டும் என் கண்ணை விட்டுப் போகவில்லை. ஆலமரத்தடியில் தரம் எட்டு மாணவி ஒருத்தி போனைப் பார்த்தபடி நடக்கிறாள். 14 மீற்றர், 9, 6, திடீரென்று 11. திரும்புகிறாள், 5, மறுபடி 12. நமது இடத்தைக் கணிக்க ஒரே நேரத்தில் நாலு செய்மதியாவது வேண்டும். மரம் அடர்ந்திருந்தால் சமிக்ஞை தடுமாறும். கொஞ்ச நேரத்தில் அவள் போனைச் சட்டைப் பைக்குள் வைத்துவிட்டுக் குந்தியிருந்து வேர்களுக்கிடையில் பார்க்கத் தொடங்கினாள். பக்கத்து வேலியால் எட்டிப் பார்த்த அம்மம்மா ஒருவர், "என்ன மனே துலைச்சிட்டாய்?" என்றார். "ஒண்டும் துலைக்கல்ல அம்மம்மா, தேடுறன்" என்றாள். அம்மம்மாவும் வேலி தாண்டி வந்து தேடினார்.

போனைக் கையில் கொடுத்துப் பிள்ளைகளைக் கெடுக்கிறேன் என்ற முறைப்பாட்டுக்கும் பதில் சொல்லிவிடுகிறேன். ஐந்து பிள்ளைக்கு ஒரு போன்தான். செய்மதியிலிருந்து போன் கேட்கிறதே தவிர, திருப்பி ஒன்றும் சொல்வதில்லை. அதற்கு டேட்டாவும் வேண்டாம். வரைபடத்தை முதலே இறக்கி வைத்தால் போதும். ஆகவே நிலையத்து டேட்டா தீர்ந்ததற்குக் காரணம் பெட்டி தேடல் அல்ல. கிரிக்கெட் பார்த்தவர்களுக்குத் தெரியும்.

இனி ஐந்தாம் பெட்டி. கறுப்பு ரேப் சுற்றிய ஐஸ்கிறீம் பெட்டி. தெருவோர மதிலுக்குப் பின்னால் வைத்தோம். பையன்கள் குனிந்து எதையோ செருகுவதைக் கண்ட ஒருவர் பயந்துபோய் அறிவிக்க, பொலிஸ் வந்தது, அரை மணி நேரம் தெரு மூடப்பட்டது. திறந்தபோது உள்ளே இருந்தவை: ஒரு பென்சில், ஒரு பிளாஸ்டிக் விசில், பதினொரு பிள்ளைகளின் பெயர் எழுதிய கொப்பி. 2019 ஏப்ரல் 21, உயிர்த்த ஞாயிறு குண்டுவெடிப்பைக் கண்ட ஊர் இது. கறுப்புப் பெட்டியைத் தெருவில் வைத்தது என் பிழை, அதை எழுத்திலேயே ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அந்த அரை மணி நேரத்தில் நிர்வாக சபையில் ஏழு பேருக்குப் போன் எடுத்தேன். ஒருவரும் தூக்கவில்லை. மன்னிப்புக் கடிதத்தில் என் ஒருவன் கையெழுத்துத்தான் இருக்கிறது.

அதன்பின் எல்லாப் பெட்டிகளும் உள்ளே இருப்பது தெரியும் கண்ணாடிப் பெட்டிகள். மூடியில் மூன்று மொழியிலும் 'சிறுவர் விளையாட்டு' என்று ஒட்டியிருக்கிறோம். தெருவில் வைப்பதில்லை, இடத்துக்குப் பொறுப்பானவரின் அனுமதிக் கடிதம் இருந்தால் மட்டும் வளவுக்குள் வைக்கிறோம். கார்த்திகை மழையில் பேனையால் எழுதிய பெயர்களெல்லாம் நீலத் தண்ணீராகிவிட்டன. இப்போது பென்சில் மட்டும்தான்.

கணக்கு விபரம். வரவு ஓரளவுக்கு இருந்தது, செலவு அதைவிடக் கொஞ்சம் கூட. விரிவான கணக்கைப் பொருளாளர் தனியாகச் சமர்ப்பிப்பார் என்று எதிர்பார்க்கிறேன். பெட்டிகளுக்கான பற்றுச்சீட்டு ஒன்று மழையில் நனைந்ததால் வாசிக்க முடியாதிருக்கிறது; அந்தத் தொகையை நானே பொறுத்துக்கொண்டேன். திருப்பிக் கேட்கவில்லை. கேட்கவில்லை என்பதைப் பதிவுக்காகச் சொல்கிறேன்.

வளவுகளைத் தந்த கோயில் நிர்வாகத்தினருக்கும், கதிரை தந்தவர்களுக்கும், ஒலிபெருக்கி தந்தவருக்கும், வேலி தாண்டி வந்த அம்மம்மாவுக்கும் நன்றி.

வரும் ஆண்டில் முகத்துவாரம் வெளிச்சவீட்டுப் பக்கம் ஒரு நாள் தேடல் நடத்தலாம் என்று பிள்ளைகள் கேட்கிறார்கள். 1913இல் கட்டிய வெளிச்சவீடு, வாவியும் கடலும் சந்திக்கும் இடம். படிப்பிக்க நிறைய இருக்கிறது. ஆனால் தண்ணீர்க்கரை என்பதால் பத்துப் பிள்ளைக்கு ஒரு பெரியவராவது கூட வர வேண்டும், பஸ் பிடிக்க வேண்டும். இரண்டுக்கும் செயலாளர் ஒருவர் போதாது. நான் மறுபடி இந்தப் பதவிக்கு நிற்பதாக இல்லை. வேறு யாரும் முன்வராவிட்டால் யோசிக்கலாம்.

கடைசியாக ஓர் அறிவித்தல். சந்தா நிலுவைப் பட்டியலை வழமைபோல் பலகையில் ஒட்டினால் அடுத்த நாளே கிழிந்துவிடுகிறது. இம்முறை அதை மடித்து ஏழாம் பெட்டிக்குள் வைத்திருக்கிறேன். ஆள்கூறு பலகையில் இருக்கிறது. தேடத் தெரியாதவர்கள் தங்கள் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போகலாம். அவர்கள் ஏற்கெனவே திறந்து வாசித்துவிட்டார்கள்.

இங்ஙனம்,
செயலாளர்