பனி நகர்ந்தால் பறவையும் நகரும்: புவி அறிவியல் அமைச்சகத்துக்கு ஒரு திறந்த மடல்

ஒன்றியப் புவி அறிவியல் அமைச்சகத்தாருக்கும், அன்டார்க்டிக் ஒப்பந்தக் கூட்டங்களில் இந்தியாவின் சார்பில் அமர்வோருக்கும் வணக்கம்.

எம்பரர் பென்குயினைச் சிறப்புப் பாதுகாப்புக்குரிய இனமாக அறிவிக்கும் முன்மொழிவு, 2022-இல் பெர்லினில் எல்லா நாடுகளின் இசைவும் கிடைக்காமல் நின்றது. 2024 மே மாதம் கொச்சியில் நீங்களே கூட்டத்தை நடத்தியபோதும் அது நிறைவேறவில்லை. குளிருக்குப் பழகிய பறவை மாற்றத்துக்கும் பழகிக்கொள்ளும் என்று நினைப்பவர்கள் பலர். அது பழகியிருக்கும் விதத்தைச் சற்று அருகில் பாருங்கள்.

தென்துருவக் குளிர்காலம் தொடங்கும் மே, ஜூன் மாதங்களில் தாய் ஒரே ஒரு முட்டையிட்டு, அதைத் தந்தையின் பாதங்களுக்கு மாற்றிவிட்டு, இரை தேடிக் கடலுக்குப் போய்விடுகிறது. கூடென்று எதுவும் கிடையாது; தந்தையின் அடிவயிற்றுத் தோல்மடிப்புத்தான் கூடு. காலுக்கு இறங்கும் சூடான இரத்தமும், அங்கிருந்து ஏறும் குளிர்ந்த இரத்தமும் அடுத்தடுத்த நாளங்களில் ஓடி வெப்பத்தைக் கைமாற்றிக்கொள்வதால், உடற்சூடு பாதம் வழியே பனியில் வீணாவதில்லை. ஆண்கள் நெருக்கியடித்து நிற்கும் கூட்டத்தில் அரை நிமிடத்துக்கோ ஒரு நிமிடத்துக்கோ ஒருமுறை, முட்டை நழுவாதபடி, சில அங்குலம் மட்டுமே நகரும் அலையொன்று எழுந்து அடங்குகிறது. ஏறத்தாழ 65 நாள் அடைகாப்பு. அதற்கு முந்தைய வாரங்களையும் சேர்த்தால் நூறு நாளுக்கும் மேலான பட்டினி. தாய் திரும்புமுன் குஞ்சு பொரித்துவிட்டால், அந்தப் பட்டினி வயிற்றோடு தொண்டையில் பால்போன்ற ஒன்றைச் சுரந்து ஊட்டுகிறது தந்தை.

இத்தனையும் கடற்பனி டிசம்பர் வரை நிற்கும் என்ற நம்பிக்கையில் அமைந்தவை. அதற்குமுன் பனி உடைந்தால், நீர்புகும் மென்தூவியோடு குஞ்சுகள் கடலில் விழுகின்றன. 2022-இல் பெல்லிங்ஸ்ஹவுசன் கடலோரத்தின் ஐந்து குடியிருப்புகளில் நான்கில் இப்படித்தான் இனப்பெருக்கம் பொய்த்தது. தூவி உதிர்ந்து நீர்புகா இறகு முளைக்கும் காலத்தை எந்தப் பறவையாலும் சில பத்தாண்டுகளில் சுருக்கிவிட முடியாது.

எம்பரரால் இயன்றது இடம்பெயர்வது. 2016-இல் ஹேலி விரிகுடாவில் குஞ்சுகளை இழந்த பறவைகளில் பல, அருகிலுள்ள டாசன்-லாம்டன் பனியாற்றோரத்துக்குச் சென்றன. எந்தப் பறவையையும் கொல்லவோ தொந்தரவு செய்யவோ கூடாதென்ற பொதுத் தடை அன்டார்க்டிக்கா எங்கும் உண்டுதான். தனிக் கவனமோ சிறப்புப் பாதுகாப்புப் பகுதிகளின் வரைபட எல்லைக்குள் கட்டுண்டு கிடக்கிறது. நமது பாரதி நிலையம் அமைந்த லார்ஸ்மேன் குன்றுகளுக்குக் கிழக்கே, அமண்டா விரிகுடாவில் எம்பரர்கள் வாழ்கின்றன. அது 169-ஆம் எண்ணுள்ள சிறப்புப் பாதுகாப்புப் பகுதி. அவை நாளை எல்லைக்கு வெளியே கூடினால் என்ன செய்வோம்?

இனத்தோடு சேர்ந்து நகரும் பாதுகாப்பை அடுத்த கூட்டத்தில் இந்தியா வெளிப்படையாக ஆதரிக்க வேண்டும். அதுவரை, 2022-ஆம் ஆண்டின் இந்திய அன்டார்க்டிக் சட்டத்தின்கீழ் அனுமதி வழங்குவோர், ஹெலிகாப்டர் பாதைகளை வரைபட எல்லையைக் கொண்டன்றி, அந்தந்த ஆண்டில் பறவைகள் உண்மையில் நிற்கும் இடத்தைக் கொண்டே வகுக்குமாறு நிபந்தனை சேர்க்க வேண்டுகிறேன்.